மீசை வைத்த கதாநாயகி

செல்மோவுக்கு மீசை இருந்ததுதான் எல்லா வம்புக்கும் காரணம் என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்வார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மீசை என்ன செய்யும், பாவம்? அது பாட்டுக்கு உதட்டுக்கு மேலே கிடந்தது. வம்பெல்லாம் அதற்குக் கீழே இருந்த வாயால் வந்தது.

என் பெயர் லூமிங். சினிமாக் கம்பெனியில் உடுப்புக்காரி. கதாநாயகிகளுக்குக் கவுன் தைப்பேன், விக் வைப்பேன், கிழிந்து போனதை இரண்டு ஷாட்டுக்கு நடுவில் ஆள்மேல் வைத்தே தைத்து முடிப்பேன். மலபோனில், கடல் ஏறினால் முட்டி வரை தண்ணீர் வரும் தெருவில், எனக்கும் செல்மோ என்கிற அன்செல்மோ கதாபேக்கும் அடுத்தடுத்த வீடு. வேலையும் ஒரே இடத்தில். அதனால் அவனைப் பற்றி வேறு யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். அவன் இடுப்பளவுகூடத் தெரியும்.

செல்மோ டூப் போடுகிறவன். நாயகனுக்கு இல்லை, நாயகிக்கு. அப்போதெல்லாம் வாரம் தவறாமல் ஒரு சண்டைப் படம் வரும். மீசைக்கார நாயகன் ரமீரோ சல்டான்யா ஒரு கையில் துப்பாக்கியோடு ஓடுவான். இன்னொரு கையில் கிளாரிஸா மொன்டேஸ் இருப்பாள். குண்டு பறக்கப் பறக்கக் காதல் வளரும். கடைசியில் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு கூரையிலிருந்தோ, லாரியிலிருந்தோ, மலையிலிருந்தோ குதிக்க வேண்டும். கிளாரிஸா நாற்காலியிலிருந்து இறங்கவே ஆள் பிடிப்பாள், அவளாவது குதிப்பதாவது. அந்த வேலைக்குப் பெண்பிள்ளையை அனுப்ப எந்தத் தாயும் சம்மதிக்கவில்லை. அதனால் குள்ளமாக, ஒல்லியாக, இடுப்பு சின்னதாக இருக்கும் ஆம்பளையாகத் தேடினார்கள். செல்மோ கிடைத்தான். கிளாரிஸாவின் கவுனில் எனக்கு ஒரு கைகூட நுழையாது. அவனுக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் உட்காரும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு டூப்பில் கஷ்டமான வேலை நாயகிக்குப் போடுவதுதான். நாயகனின் பேண்டுக்குள் பஞ்சு வைத்துக் கட்டலாம், கனத்த சட்டைக்குள் எதையும் மறைக்கலாம். குட்டைக் கவுனுக்குள் எதை மறைப்பது? முட்டி திறந்து கிடக்கும், முழங்கை திறந்து கிடக்கும். ரமீரோவின் டூப் எழுந்து தூசி தட்டிவிட்டு சிகரெட் பற்ற வைக்கும்போது, செல்மோ என் கூடாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான், நான் அவன் முட்டியிலிருந்து கல் பொறுக்கிக்கொண்டிருப்பேன். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. இதை அவனிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கேட்டால்தானே.

பொய் ரொம்பச் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. அவன் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த வருஷம், மகள் பெர்லிட்டா சின்னக் குழந்தை. அழுதுகொண்டே இருக்கிறாளே என்று தியேட்டருக்குக் கூட்டிப் போனான். திரையில் ரமீரோவும் கிளாரிஸாவும் ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குத் தாவினார்கள். இதில் நீ எது அப்பா என்று குழந்தை கேட்டது. செல்மோ ஒரு கணம் திரையைப் பார்த்தான். அந்த மீசைக்காரர் என்றான். அவ்வளவுதான்.

அதன் பிறகு மீசை வளர்க்க வேண்டியதாயிற்று. எங்கள் முடிதிருத்துகிறவர் ரமீரோவின் படத்தைக் கண்ணாடியில் ஒட்டி வைத்து, அதே மாதிரி மெல்லிசாகக் கத்தரித்து விடுவார். காசு வாங்க மாட்டார். தெருமுனையில் ஜின் குடிக்கிறவர்கள் முதல் கிளாஸை அவனுக்குத்தான் ஊற்றுவார்கள். திருவிழாவில் புனிதரின் பல்லக்கைத் தூக்க முன்வரிசையில் அவனுக்கு இடம். பிள்ளைகள் ரமீரோ மாமா, ரமீரோ மாமா என்று பின்னாலேயே ஓடும். பெர்லிட்டா பள்ளிக்கூடத்தில் தலை நிமிர்ந்து நடந்தாள். வேலைக்கு வந்ததும் நான் அந்த மீசைமேல் ஒரு அப்பு பவுடர் அப்பி, அதன் மேல் விக்கை மாட்டி, ஊசி குத்திவிடுவேன். எப்படியும் முதுகு மட்டும்தான் படத்தில் தெரியும். டூப் போடுகிறவனுக்கு முதல் பாடமே கேமராவுக்கு மூஞ்சியைக் காட்டாதே என்பதுதான்.

இந்தக் கூத்தை எத்தனை நாளைக்கு ஆடப் போகிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"என் பொண்ணுக்கு அம்மா இல்ல லூமிங். அப்பனாவது ஆம்பளையா இருக்கட்டும்" என்றான்.

கையில் இருந்த ஊசியை அவன் மண்டையிலேயே குத்தியிருக்கலாம். அப்போது குத்தாமல் விட்டதற்கு இப்போதும் வருத்தப்படுகிறேன்.

பெர்லிட்டா வளர்ந்து தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு டொனாட்டோ வந்தான். ரமீரோவுக்குப் புதிதாக வந்த டூப். பக்கத்து ஊர் நவோத்தாஸ்காரன். அப்பா இல்லை. அம்மா சாலுத், சந்தையில் ஆவியில் வேகவைத்த அரிசிக் கேக் விற்கிறவள். பையன் அதிகம் பேச மாட்டான், ஆனால் எந்த வேலையாக இருந்தாலும் கூப்பிடுவதற்கு முன்னால் வந்து நிற்பான். என் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் எங்கள் தெருவுக்கு வந்தவன், பக்கத்து வீட்டு ஜன்னலில் நூல் கோத்துக்கொண்டிருந்த பெர்லிட்டாவைப் பார்த்தான். பெட்டியை என் காலில் போட்டான்.

எங்களில் பெண் கேட்கிறவன் முதலில் பெண் வீட்டில் உழைத்துக் காட்ட வேண்டும். தண்ணீர் தூக்க வேண்டும், விறகு பிளக்க வேண்டும், கூரை ஒழுகினால் ஏற வேண்டும். பட்டணத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டார்கள். ஆனால் செல்மோ பத்தங்காஸ் கிராமத்துக்காரன், விடாப்பிடியாகக் கேட்டான். டொனாட்டோ முகம் சுளிக்கவில்லை. விடிந்ததும் நவோத்தாஸிலிருந்து நடந்து வந்து, குழாயடியில் வரிசையில் நின்று, இரண்டு வாளிகளில் தண்ணீர் சுமந்து செல்மோவின் டிரம்மை நிரப்பிவிட்டுத்தான் படப்பிடிப்புக்குப் போவான். அங்கே செல்மோவின் கையைப் பிடித்துக்கொண்டு குதிப்பான். உலகத்தில் எந்த மாமனாரும் மருமகனும் இப்படிக் கை கோத்துக் காதல் பண்ணியிருக்க மாட்டார்கள். நானும் சிரித்தேன்தான், இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் செல்மோவுக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மை தெரிந்த ஒருத்தன் இப்போது தினமும் தன் வீட்டு வாசலில் வாளியோடு நிற்கிறான். தெருவில் எவனாவது, தம்பி நீ படத்தில் என்ன பண்ணுகிறாய் என்று கேட்டால்? ஒருநாள் கூடாரத்தில், நான் விக் மாட்டிக்கொண்டிருக்கும்போது, அவனைக் கூப்பிட்டான். உதட்டில் சாயம், காதில் வளையம், அந்தக் கோலத்தில் உட்கார்ந்துகொண்டுதான் பேசினான்.

"தண்ணி தூக்கினது போதும்டா. வேற ஒண்ணு செய்யணும்."

"சொல்லுங்க மாமா."

"யாராவது கேட்டா, ரமீரோவுக்குப் போடறது நான்னு சொல்லு. கவுன் போடறது நீன்னு சொல்லு."

டொனாட்டோ என்னைப் பார்த்தான். என் வாய் நிறைய ஊசி, என்னால் பேச முடியவில்லை.

"பெர்லிட்டா கேட்டா?"

"அவ கேட்டாத்தான்டா முக்கியம்."

 பையன் சரி மாமா என்றான். ஊசிகளைத் துப்பிவிட்டு இருவரையும் நான் பிடித்த பிடியில் இயக்குநரே கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். செல்மோ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். டொனாட்டோ மட்டும், தண்ணீர் வாளியைவிட இது லேசுதான் அக்கா, விடுங்கள் என்றான். லேசாம். அவனுக்கு எங்கள் தெருவைத் தெரியவில்லை.

ஒரே வாரத்தில் அவன் பெயர் கிளாரிஸா ஆகிவிட்டது. வாளியோடு வந்தால் விசில் அடிப்பார்கள். குழாயடியில், கிளாரிஸாவுக்கு வழிவிடுங்கப்பா, கவுன் நனைஞ்சிரும் என்பார்கள். ஜின் குடிக்கிறவர்கள் ஸ்டூலைத் துணியால் துடைத்து, மேடம் உட்காருங்க என்பார்கள். அவன் சிரித்த முகமாகவே போவான். அந்தக் கூட்டத்தில் முதல் கிளாஸோடு செல்மோவும் உட்கார்ந்திருப்பான். முதலில் தலையைக் குனிந்துகொள்வான். அப்புறம் அவர்களோடு சேர்ந்து லேசாகச் சிரிக்க ஆரம்பித்தான். அப்புறம் ஒருநாள், நான் கருவாடு வாங்கிக்கொண்டு அந்த வழியாக வரும்போது, என் காதுபடச் சொன்னான்.

"இன்னைக்குக் குதிக்கும்போது இந்தப் பொண்ணு என் கைய விடவே இல்லப்பா. நடுங்கிருச்சு."

எல்லோரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். உண்மையில் அன்றைக்கு நடுங்கியது செல்மோ. கையை விடாமல் பிடித்திருந்தது டொனாட்டோ. எனக்குக் கருவாட்டால் அவன் மூஞ்சியிலேயே அடிக்க வேண்டும் போல் இருந்தது. அந்தப் பையன் அதையும் கேட்டுக்கொண்டு, காலி வாளியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

சந்தையில் மீன்காரிகள் சாலுத்திடம், நீ பெத்தது பையனா பொண்ணா, கல்யாணத்துக்கு யாருக்குக் கவுன் தைக்கிறதுன்னு தெரியணுமே என்று கேட்பார்களாம். அவள் கேக்கை இலையில் எடுத்து வைப்பாளாம். வீட்டுக்கு வந்து அழுவாளாம். இதை டொனாட்டோ என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னான், சொன்னதற்காக உடனே வருத்தப்பட்டான். அம்மாவிடமாவது உண்மையைச் சொல்லேன்டா என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேனே என்றான்.

பெர்லிட்டாவுக்கு அவன் கவுன் போடுவது ஒரு பொருட்டே இல்லை. விசில் அடித்த பையன்களோடு தெருவில் நின்று சண்டை போட்டவள் அவள்தான். அவளுக்கு இருந்த ஒரே கவலை அவன் முட்டி. குட்டைக் கவுனுக்குள் எதையும் கட்ட முடியாது என்று தெரிந்ததும், தோல் நிறத் துணியில் பஞ்சை மெல்லிசாக வைத்து, முட்டிக்கு இரண்டு உறை தைத்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. உள்பக்கம் சிவப்பு நூலால் சின்னதாக ஒரு சிலுவை போட்டிருந்தாள். டொனாட்டோ அதைக் கூடாரத்துக்குக் கொண்டுவந்து செல்மோவின் மடியில் வைத்தான். உங்களுக்குத்தான் தேவைப்படும் மாமா என்றான். செல்மோ அதைத் திருப்பிப் பார்த்தான், அந்தச் சிலுவையைக் கட்டைவிரலால் தடவினான், முட்டியில் மாட்டிக்கொண்டான். அன்றைக்கு முழுவதும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. வெட்கம் அவனுக்கும் இருந்தது. இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டே எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தான், அதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வரவேண்டிய படத்தின் கடைசிக் காட்சியைப் புலாக்கான் பக்கம் ஒரு பழைய இரும்புப் பாலத்தில் எடுத்தோம். காதலர்கள் இரண்டு பக்கமும் எதிரிகளால் மறிக்கப்பட்டு, கையைக் கோத்துக்கொண்டு ஆற்றில் குதிக்கிறார்கள். பின்னால் பாட்டு வரும். அதனால் ஸ்லோ மோஷனில் வேண்டும் என்றார் இயக்குநர். பாலத்தை ஒரு காலை மட்டும்தான் மறிக்க முடியும். ஒரே டேக், பிலிம் வீணாக்கக் கூடாது என்று தயாரிப்பாளர் தலையில் அடித்துச் சொல்லியிருந்தார். கேமரா பாலத்தைத் தாண்டி ஆறு ஓடுகிற கீழ்ப்பக்கம் ஒரு படகில். ஆகவே மூஞ்சி படாமல் இருக்க இரண்டு டூப்பும் ஆறு வருகிற மேல்பக்கம் பார்த்தபடி குதிக்க வேண்டும்.

மேல்பக்கக் கரையில் வேடிக்கை பார்க்கிறவர்களுக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். கூட்டத்தில் ஒரு ஜீப்னி வண்டி நிறைய எங்கள் தெருக்காரர்கள். வருவதாக யாரும் சொல்லவில்லை. முடிதிருத்துகிறவர், ஜின் கூட்டம், பையன்கள், எல்லோருக்கும் முன்னால் பெர்லிட்டா. பாலம் உயரம், கரை தூரம். விக்கும் கவுனுமாக ஒருத்தர், பேண்டும் தோல் சட்டையுமாக ஒருத்தர் என்பதற்கு மேல் அங்கிருந்து எதுவும் தெரியாது. ஆனால் செல்மோவுக்கு அது புரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் விக் முடியை மூஞ்சிமேல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டான். தலையில் துணி கட்டிவிடட்டுமா என்று கேட்டேன். அதற்குள் இயக்குநர் கையைத் தூக்கிவிட்டார்.

இரண்டு பேரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். டொனாட்டோ அவன் கையைப் பிடித்தான். கைப்பிடிக் கம்பிமேல் ஏறினார்கள். அப்போது கரையிலிருந்து பெர்லிட்டா கத்தினாள்.

"அப்பா, பாத்து!"

தோல் சட்டை போட்டவனைப் பார்த்துத்தான் கத்தினாள். செல்மோ அந்தக் குரலிலிருந்து மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். கால் கம்பியைவிட்டுக் கிளம்பிய பிறகு, காற்றில், அப்படியே முழுசாகப் பின்பக்கம் திரும்பினான். பின்பக்கம் கேமரா இருந்தது.

தண்ணீரிலிருந்து ஏறி வந்தவனிடம், கூறுகெட்டவனே, எங்கே பார்த்தாய் என்று கேட்டேன். முடி மறைத்திருக்கும் என்றான். கேமராக்காரரும் முடி பறந்ததாகத்தான் சொன்னார். மூஞ்சியில் பவுடர் ஒரு துளி இல்லை, அன்று காலைத் தூறலும் பாலத்துக் காற்றும் குதிக்கும் முன்பே எல்லாவற்றையும் கழுவிவிட்டிருந்தன. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் துண்டைக் கொடுத்தேன். திரும்ப எடுக்கப் பாலமும் இல்லை, பிலிமும் இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுத் தெருவே தியேட்டருக்குக் கிளம்பியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டொனாட்டோ வீட்டார் சமைத்த பலகாரங்களோடு முறைப்படி பெண் கேட்டு வருவதாகப் பேசியாகிவிட்டது. அதனால் சாலுத்தும் புது உடுப்பில் வந்திருந்தாள். ஒரே வரிசையில் சாலுத், டொனாட்டோ, பெர்லிட்டா, செல்மோ, நான். படம் நன்றாகத்தான் இருந்தது. கடைசிக் காட்சி வந்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

பாட்டு ஆரம்பித்தது. காதலர்கள் பாலத்திலிருந்து மெதுவாக, ரொம்ப மெதுவாகக் காற்றில் இறங்கினார்கள். கவுன் விரிந்தது. முடி மெதுவாக மேலே பறந்தது. கிளாரிஸா மொன்டேஸ் மெதுவாகத் திரும்பி எங்கள் எல்லோரையும் பார்த்தாள். அவளுக்கு மெல்லிசாகக் கத்தரித்த மீசை இருந்தது.

பாட்டின் ஒரு முழு வரி முடியும் வரை அந்த மூஞ்சி திரையைவிட்டுப் போகவில்லை.  முதலில் ஒருத்தன் சிரித்தான், பிறகு கூரை இடிந்து விழுகிற மாதிரி எல்லோரும் சிரித்தார்கள். அந்த மீசையை வாராவாரம் கத்தரித்தவர் எழுந்து நின்று, அடேய், அது நம்ம செல்மோடா என்றார்.

வெளியே வந்தபோது தெருக்காரர்கள் எங்களைச் சுற்றி நின்றார்கள்.  அப்போதாவது செல்மோ வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூடவில்லை. அன்னைக்கு ஒரு நாள் மட்டும்தான் மாத்திக்கிட்டோம், பையனுக்குக் கால் சுளுக்கிருச்சு, கவுனுக்குள்ள கட்டுப் போட முடியாதுல்ல, அதான் பெரியவன் நான் விட்டுக்கொடுத்தேன் என்று உரக்கச் சொன்னான். டொனாட்டோவும் உடனே ஆமாம் என்று தலையாட்டினான். அந்த முட்டாள் பையன் கடைசி வரை சுமந்தான்.

பெர்லிட்டா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எந்தக் கால்?" என்றாள்.

"வலது" என்றான் செல்மோ. அதே நேரத்தில் "இடது" என்றான் டொனாட்டோ.

யாரும் சிரிக்கவில்லை. சாலுத் மெதுவாக முன்னால் வந்து செல்மோவின் மீசையைப் பார்த்தாள், பிறகு தன் மகனைப் பார்த்தாள். மீன்காரிகள் கேட்டதெல்லாம் அவளுக்குள் ஒவ்வொன்றாக ஓடியிருக்க வேண்டும்.  வளர்ந்த பையனின் கையைச் சின்னப் பிள்ளையைப் பிடிப்பது போலப் பிடித்து ஜீப்னிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். செல்மோ நின்ற இடத்திலேயே நின்றான். அவன் பக்கத்தில் நிற்க எனக்கே கூச்சமாக இருந்தது.

படம் ஓடியது. அதுதான் கொடுமை. மீசையைப் பார்க்கவே ஜனங்கள் இரண்டாம் தடவை போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெர்லிட்டா விடியற்காலையிலேயே வீட்டைக் கழுவினாள். நாற்காலிகள் இரவல் வாங்கி வந்தாள். நான் காபி போட்டேன். மதியம் ஆயிற்று. வெயில் சாய ஆரம்பித்தது. யாரும் வரவில்லை. கடல் ஏறியிருக்கும், ஜீப்னி கிடைத்திருக்காது என்றான் செல்மோ. தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பெர்லிட்டா காலி நாற்காலி ஒன்றில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை.

"நீங்க கவுன் போட்டதுல எனக்கு வெக்கம் இல்லப்பா. நான் தின்ன சோறெல்லாம் அந்தக் கவுன்ல வந்தது. ஆனா அவரைக் கிளாரிஸான்னு கூப்பிட்டவங்களோட நான் நடுத்தெருவுல சண்டை போட்டப்ப, நீங்க அவங்ககூட உக்காந்து சிரிச்சீங்களே. அந்த அம்மா முன்னாடி நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவேன்?"

செல்மோ வாயைத் திறந்தான். இந்தத் தடவை அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. உள்ளே போனான். தண்ணீர் சத்தம் கேட்டது, பிறகு சவரக்கத்தியைக் கிண்ணத்தில் தட்டும் சத்தம். வெளியே வந்தபோது மீசை இருந்த இடம் வெள்ளைத் திட்டாக இருந்தது. எனக்கு அவனை முதல்முறையாகப் பார்ப்பது போல் இருந்தது. மூலையில் கவிழ்த்து வைத்திருந்த இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். நானும் பின்னாலேயே போனேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன், பொய் சொல்வானேன்.

ஜின் கூட்டம் தெருமுனையில் இருந்தது. அவன் தாண்டிப் போகும்போது முதுகுக்குப் பின்னால் ஒருத்தன் கிளாரிஸா என்று கூப்பிட்டான். செல்மோ நின்றான். திரும்பினான்.

"என்ன?" என்றான்.

கூப்பிட்டவன் கிளாஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். செல்மோ கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு நடந்தான்.

சாலுத் வீட்டில் மேசைமேல் பாத்திரங்கள் வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தன. எல்லாவற்றையும் சமைத்திருந்தாள், தூக்கிக்கொண்டு வரத்தான் அவளுக்கு மனசு வரவில்லை. அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவில்லை. டொனாட்டோ மட்டும் பதறி எழுந்தான். செல்மோ வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான். உதடு இரண்டு மூன்று தடவை அசைந்தது. மன்னிப்பு என்ற சொல்லைத்தான் தேடினான் என்று நினைக்கிறேன். கிடைக்கவில்லை.

"தண்ணி புடிக்க வந்தேன்" என்றான்.

சாலுத் அந்த வெள்ளைத் திட்டை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு விரலுக்குப் பதிலாக எங்கள் வழக்கப்படி உதட்டைக் குவித்து, மூலையில் இருந்த டிரம்மைக் காட்டினாள்.

பெண்ணைப் பெற்றவன் பையன் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து யாரும் பார்த்ததில்லை.  குழாயடியில் யாரோ அவனை அடையாளம் கண்டு பெயரைச் சொல்ல, வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. அவன் முட்டி எனக்குத் தெரியும், வாளி கனத்தில் அது எப்படி வலித்திருக்கும் என்றும் தெரியும். நாலைந்து நடை போனதும் டொனாட்டோவால் பார்க்க முடியவில்லை, ஓடிவந்து ஒரு வாளியைப் பிடித்தான்.

"விடுடா" என்றாள் சாலுத் உள்ளேயிருந்து. "அவரே தூக்கட்டும்."

டிரம் விளிம்பு வரை நிறைந்தது. செல்மோ சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிறைஞ்சிருச்சும்மா என்றான். சாலுத் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். பிறகு மேசைப் பக்கம் போய்ப் பாத்திரங்களின் மேலிருந்த துணியை எடுத்து மடித்தாள்.

"டொனாட்டோ, போய் அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வா. சோறு ஆறுது."

பையன் செருப்புகூடப் போடாமல் ஓடினான். செல்மோ வாளிகளைக் கீழே வைக்கப் போனான். சாலுத் மறுபடியும் உதட்டைக் குவித்தாள். கதவுக்குப் பின்னால் இன்னொரு டிரம் இருந்தது.

"அதுவும் காலி" என்றாள்.

அவன் வாளிகளை எடுத்துக்கொண்டு திரும்பவும் குழாயடிக்குப் போனான். கிளாரிஸா, வரிசைல வா என்றாள் ஒருத்தி. வரேன் என்று சொல்லிவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் வாளிகளை வைத்தான். அவனுக்கு முன்னால் வரிசை நீளமாக இருந்தது. யாரும் இடம் விடவில்லை. அவனும் கேட்கவில்லை.